பெரியவர்களின் மனநல ஆய்வில் உதவியாளராகப் பணிபுரிவது எப்படி?

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு ஆகியவற்றோடு வாழும் பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளில், பங்கேற்பாளரை நேரில் சந்தித்து, அவர் சொல்வதைக் கேட்டு, அதை எண்ணாகவும் குறிப்பாகவும் பதிவுசெய்பவர் பெரும்பாலும் ஆய்வு உதவியாளரே. முதன்மை ஆய்வாளரும் புள்ளியியலாளரும் பல ஆய்வுகளில் பங்கேற்பாளர்களை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. கணக்கீடு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதற்கு அடிப்படை ஓர் அறையில் இருவர் அமர்ந்து பேசிய பேச்சுதான். அங்கே தவறாகக் கேட்டுப் பதிந்ததைப் பின்னால் வரும் எந்தக் கணக்கீடும் திருத்தித் தராது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டியது கேட்டதைக் கேட்டபடி பதிவுசெய்யும் பழக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து. மற்றவை அதற்குப் பின் வரும்.

உளவியல், சமூகப்பணி, செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒரு பட்டம் பொதுவாகக் கேட்கப்படுகிறது. நேர்காணலில் பட்டத்தைவிட இரண்டு செய்திகளையே துருவிக் கேட்பார்கள்: துயரத்தில் இருக்கும் ஒருவரோடு பதறாமல் உரையாட முடியுமா, சலிப்பூட்டும் வேலையைப் பிழையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா. தன்னார்வப் பணி, உதவி எண்ணில் அழைப்புகளை ஏற்ற அனுபவம், குடும்பத்தில் நோயுற்றவரைப் பராமரித்த அனுபவம் எதுவாக இருந்தாலும் அதில் என்ன செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்களே மனநலச் சிக்கலைக் கடந்து வந்தவராக இருந்தால் அதைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் உங்கள் உரிமை. அவ்வனுபவம் உள்ளவர்களை விரும்பி அழைக்கும் ஆய்வுக் குழுக்களும் உண்டு.

பணியில் சேர்ந்ததும் ஆய்வுத் திட்ட ஆவணத்தை முழுமையாகப் படியுங்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது, எந்த வாரத்தில் எந்த அளவீடு, யாருக்கு எதைத் தெரிவிக்க வேண்டும் என்பவை அதில்தான் இருக்கின்றன. படிக்கும்போது எழும் ஐயங்களை எழுதிவைத்து, முதல் பங்கேற்பாளரைச் சந்திப்பதற்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘வழக்கமாக இப்படித்தான் செய்வோம்’ என்று மூத்தவர் சொல்வதும் ஆவணத்தில் எழுதியிருப்பதும் வேறுபட்டால், அறநெறிக் குழு ஒப்புதல் தந்தது ஆவணத்துக்கே என்பதை நினைவில் வைத்து, அந்த வேறுபாட்டை முதன்மை ஆய்வாளரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒப்புதல் பெறுதல்

மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளை உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சின்கி பிரகடனமாக வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டுவிட்ட போதிலும், தெரிந்துகொண்டு, விருப்பத்தோடு, வற்புறுத்தல் இல்லாமல் தரும் ஒப்புதல் என்ற அதன் நடுக்கருத்து மாறவில்லை. மனநல ஆய்வில் இந்த மூன்று சொற்களுக்கும் கூடுதல் கனம் உண்டு. தன்னைக் குணப்படுத்தும் மருத்துவரே ஆய்வைப் பற்றிச் சொன்னால், மறுத்தால் சிகிச்சை குறைந்துவிடுமோ என்று ஒருவர் அஞ்சக்கூடும். ஆகையால் மருத்துவர் அறிமுகம் செய்துவைத்து விலகிவிட, விளக்கும் வேலையை நீங்கள் தனியாகச் செய்வதே நல்லது. மறுப்பதால் அவர் பெற்றுவரும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்பதைத் தகவல் தாளில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆய்வில் செய்யப்படுபவை அனைத்தும் தன் நலனை முன்னிட்டே தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்று பலர் உள்ளூர நம்புகிறார்கள். சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில் அவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தற்செயலே முடிவுசெய்கிறது. அவருக்கு எது ஏற்றது என்று யாரும் யோசித்து முடிவுசெய்வதில்லை. விளக்கியபின் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ‘நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்ள விரும்புகிறேன், உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பது எப்படி முடிவாகும் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். ‘டாக்டர் என்னைப் பார்த்துட்டு எனக்கு எது சரின்னு சொல்லுவார்’ என்று பதில் வந்தால் ஒப்புதல் படிவத்தை எடுக்காதீர்கள்; மறுபடி விளக்குங்கள்.

முடிவெடுக்கும் திறன் என்பது நோயின் பெயரைப் பொறுத்து அமைவதில்லை. மனச்சிதைவு உள்ள பலர் தெளிவாக ஒப்புதல் தருவார்கள். கடும் மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் தனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்ற மனநிலையில் எதிலும் கையெழுத்திடக்கூடும். தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும்வரை நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமைகளை எடைபோடுகிறாரா, முடிவைத் தெரிவிக்கிறாரா என்ற நான்கையும் கவனியுங்கள். ஐயம் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், மேற்பார்வையாளரை அழையுங்கள். ஒப்புதல் ஒருமுறை பெற்றதோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் ‘இன்று தொடரலாமா?’ என்று கேட்பது, விலக நினைத்தும் சொல்லத் தயங்குபவருக்கு வாய்ப்பளிக்கிறது.

அளவீட்டு நேர்காணல்

அளவீட்டுக் கருவிகள் இரண்டு வகை. பங்கேற்பாளரே நிரப்புபவை ஒரு வகை: மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7, ஆரன் பெக் 1961இல் வெளியிட்ட 21 கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் பட்டியல் ஆகியவை. பயிற்சி பெற்றவர் நேர்கண்டு மதிப்பிடுபவை மற்றொரு வகை: மனச்சோர்வுக்கென 1960இல் வந்த ஹாமில்டன் அளவுகோல், 1979இல் வந்த மாண்ட்கோமெரி–ஆஸ்பெர்க் அளவுகோல், மனச்சிதைவுக்கென 1987இல் வந்த 30 கூறுகள் கொண்ட பான்ஸ் அளவுகோல். முதல் வகையில் உங்கள் வேலை இடையூறு செய்யாமல் இருப்பது. இரண்டாம் வகையில் உங்கள் காதும் தீர்ப்புமே கருவியின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

பி.எச்.க்யூ-9 படிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் அந்தத் தொல்லை இருந்தது என்பதே கேள்வி. தொல்லை எவ்வளவு கடுமையானது என்பதை அது கேட்பதில்லை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். படிக்கச் சிரமப்படும் ஒருவருக்கு நீங்கள் வாசித்துக்காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருத்தல்’ என்று வாசித்ததும் அவர், ‘அது இருக்கத்தாங்க செய்யுது’ என்கிறார். இதற்கு மதிப்பெண் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து, குரலில் இருந்த சோர்வைக் கேட்டு, ‘பாதி நாட்களுக்கு மேல்’ என்று நீங்களே குறித்துவிடத் தோன்றும். குறிக்கக் கூடாது. ‘கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் அப்படி இருந்துச்சு? இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இதுல எது பொருந்தும்?’ என்று நான்கு விடைகளையும் ஒரே தொனியில், எதையும் அழுத்தாமல் சொல்லுங்கள். ‘மகன் வந்திருந்த ரெண்டு நாள் நல்லாயிருந்தேன்’ என்று அவர் ஒரு நிகழ்வைச் சொன்னால், ‘மத்த நாட்கள்ல?’ என்று கேட்டு நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அவர் தேர்ந்தெடுத்ததைக் குறியுங்கள். ‘அப்படின்னா ஏறக்குறைய தினமும்னு போட்டுக்கலாமா?’ என்று கேட்டால், அடுத்து வரும் ‘ஆமாம்’ உங்கள் விடையாகிவிடும். பங்கேற்பாளர்கள் பெரும்பாலும் நம்மை மகிழ்விக்க விரும்புகிறார்கள். நம் குரலில் ஒரு விடையை எதிர்பார்க்கும் சாயல் தெரிந்தால் அதையே தந்துவிடுவார்கள்.

மௌனத்துக்குப் பழக வேண்டும். கேள்வி கேட்டபின் வரும் இடைவெளி உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும். மனச்சோர்வில் இருப்பவருக்கு விடை சேர்ந்து வருவதற்கு அந்த நேரம் தேவைப்படுகிறது. சிந்தனை மந்தமாவதும் நோயின் அறிகுறிதான்.

நேர்கண்டு மதிப்பிடும் அளவுகோல்களில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுத்தில் ஒரு வரையறை உண்டு. நேர்காணலின்போது அந்த வரையறைத் தாளை மேசைமேல் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நினைவிலிருந்து மதிப்பிடுபவர்களே காலப்போக்கில் வரையறையிலிருந்து நழுவுகிறார்கள். பயிற்சியில் ஒரே நேர்காணல் பதிவைப் பலர் தனித்தனியாக மதிப்பிட்டு, ஒத்துப்போகும் அளவைக் கணக்கிடுவார்கள்; ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அதற்கான அளவைகளில் ஒன்று. இதை ஆய்வின் தொடக்கத்தில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தும் குழுக்களைப் பார்க்கலாம். இடையிடையே மறுபடி செய்ய வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்பது ஆய்வுக்கும் நல்லது.

ஒரு சிறு கணக்கு, பலரும் தவறவிடுவது. பான்ஸ் அளவுகோலில் ஒவ்வொரு கூறும் 1 முதல் 7 வரை மதிப்பிடப்படுவதால், அறிகுறியே இல்லாதவருக்கும் மொத்தம் 30 வரும். 90 பெற்றவர் 60க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம் என்று தோன்றும். அடியிலுள்ள 30ஐ இரண்டிலிருந்தும் கழித்துப் பார்த்தால் அவர் 60இலிருந்து 30க்கு இறங்கியிருக்கிறார். அதாவது பாதியாகக் குறைந்திருக்கிறது. எந்தக் கணக்கு ஆய்வில் பயன்படுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள்.

தற்கொலை எண்ணம் வெளிப்படும்போது

பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, இறந்துபோயிருந்தால் நன்றாக இருக்கும் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. இதைக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் புதியவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. இது குறித்து நடந்த ஆய்வுகள் அப்படி விதைப்பதாகக் காட்டவில்லை. கேட்கப்பட்டதால் சற்று நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. ஆகவே குரலைத் தாழ்த்தாமல், கண்களைத் திருப்பாமல், முந்தைய எட்டுக் கேள்விகளைக் கேட்ட அதே தொனியில் கேளுங்கள். ‘இது கேட்க வேண்டியிருக்கு, உங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்பது ‘இல்லை’ என்ற பதிலை நாமே எழுதிக்கொடுப்பதற்குச் சமம்.

0ஐத் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அடுத்த கேள்விகளுக்குப் போக வேண்டும். வாழ்வதில் விருப்பமில்லை என்ற எண்ணம் மட்டுமா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமா? வழி ஏதாவது யோசித்திருக்கிறாரா? அந்த வழி அவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா? செயல்படுத்தும் எண்ணம் உண்டா, எப்போது? முன்பு முயன்றிருக்கிறாரா? இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது என்ன? பெரும்பாலான ஆய்வுகளில் இதற்கென எழுதப்பட்ட வழிமுறையும், யாரை எந்த வரிசையில் அழைப்பது என்ற பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியல் கணினியில் ஒரு கோப்பாக மட்டும் இருந்தால் உதவாது. அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். சந்திப்பு தொடங்கும் முன்பே, பட்டியலில் முதலில் இருப்பவர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கக்கூடியவரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தொலைபேசிவழி நேர்காணலானால், முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன் பங்கேற்பாளர் இப்போது எங்கே இருக்கிறார், அழைப்பு துண்டிக்கப்பட்டால் எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அவரைத் தனியே விட்டுவிட்டு ஆலோசனை கேட்கப் போகக் கூடாது. அவரோடு இருந்தபடியே மற்றவரை வரவழைக்க வேண்டும்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் தகவலைப் பகிர வேண்டியிருக்கும் என்பதை ஒப்புதல் பெறும்போதே சொல்லியிருக்க வேண்டும். பகிரும் நேரம் வந்தால் அவரிடம் சொல்லிவிட்டே பகிர வேண்டும். பிறகு அன்றைக்கே எழுதுங்கள்: பங்கேற்பாளர் சொன்ன சொற்கள், நீங்கள் கேட்டவை, யாரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், அழைக்கப்பட்டவர் என்ன முடிவெடுத்தார். முடிவெடுப்பது மருத்துவரின் பொறுப்பு; கேட்டதைத் தாமதமின்றி அவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. ஆபத்தில்லை என்று நீங்களே தீர்மானித்துச் சொல்லாமல் விடுவதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்தப் பணியில் வேறு எதில் நெகிழ்ந்தாலும் இதில் நெகிழக் கூடாது.

இதற்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது, பங்கேற்பாளர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலை. நோய் கூடியதால்தானே சேர்ந்தார், இதில் ஆய்வுக்கு என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் தெரிவிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சைப் பரிசோதனைகளில் மருத்துவமனைச் சேர்க்கை பொதுவாகத் தீவிரப் பாதக நிகழ்வாக, அதாவது பங்கேற்பாளருக்கு நேர்ந்த கடுமையான தீங்காக, கருதப்படுகிறது. அதை நீங்கள் அறிந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதே பெரும்பாலான திட்டங்களின் விதி. தொடர்பு உண்டா இல்லையா என்று ஆராய்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சிகிச்சையாளர் அல்லாதவராக இருப்பது

அழும் ஒருவர் முன்னால் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருப்பது கடினம். ஆறுதல் சொல்லலாம், தண்ணீர் தரலாம், நிறுத்தலாம், இன்னொரு நாள் தொடரலாம் என்று சொல்லலாம். அறிவுரை கூறுவது, மாத்திரையைப் பற்றிக் கருத்துச் சொல்வது, உங்கள் சொந்த எண்ணைக் கொடுப்பது ஆகியவை கூடாது. இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம். உளவியல் சிகிச்சையை ஒரு குழுவுக்கும் வழக்கமான சிகிச்சையை மற்றொரு குழுவுக்கும் தந்து ஒப்பிடும் ஆய்வில், வழக்கமான சிகிச்சைக் குழுவில் உள்ளவர்களுக்கு நீங்கள் மாதந்தோறும் அரை மணி நேரம் ஆலோசனை தந்துகொண்டிருந்தால், பயன்தரும் ஒரு சிகிச்சை பயனற்றது என்ற முடிவு வரக்கூடும். அதனால் இழப்பு, நீங்கள் சந்தித்தே இராத ஆயிரக்கணக்கானோருக்கு. அவருக்கு உண்மையில் உதவி தேவைப்பட்டால் அதைத் தரக்கூடியவரிடம் வழிப்படுத்துங்கள். அதற்கான முகவரித் தாள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

யார் எந்தக் குழு என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்: தெரிந்தால் மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்து, முடிவு தவறாகக்கூடும். சந்திப்பின் தொடக்கத்திலேயே, ‘உங்களுக்கு எந்தச் சிகிச்சை, யாரிடம் என்பதை என்னிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வாய்தவறி வந்துவிட்டால் மறைக்காமல் பதிவுசெய்து தெரிவியுங்கள். அடுத்த மதிப்பீட்டை வேறொருவர் செய்யலாம்.

தொடர் மதிப்பீடுகளும் பதிவேடும்

ஆய்விலிருந்து நடுவில் காணாமல் போகிறவர்கள் மிக நலமானவர்களாகவோ மிக நலிந்தவர்களாகவோ இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களை இழந்தால் மீதமுள்ளவர்களின் சராசரி உண்மையைச் சொல்லாது. எனவே மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் எனத் தொடர்பைப் பேணுவது அலுவலக வேலையைப் போலத் தோன்றினாலும் அறிவியலின் இதயமான பகுதி. எந்த நேரத்தில், எந்த எண்ணில், எந்தப் பெயரில் அழைக்கலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். வேறொருவர் எடுத்தால் உங்கள் பெயரை மட்டும் சொல்லி, பிறகு அழைப்பதாகக் கூறிவிட வேண்டும். மனநல ஆய்விலிருந்து பேசுகிறேன் என்ற ஒரு வாக்கியம், அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் காத்துவந்த ஒன்றை வெளிப்படுத்திவிடும். குரல் செய்திக்கும் இதே விதி பொருந்தும். ஓரிரு முறை பதில் வராதபின் எத்தனை முறை அழைக்கலாம் என்பதையும் திட்டம் வரையறுத்திருக்கும். அதைத் தாண்டினால் அது தொந்தரவு.

காகிதத்தில் பிழை நேர்ந்தால் பழைய விடை தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது. விடுபட்ட விடையை ஊகித்து நிரப்பக் கூடாது. விடுபட்டதற்கான காரணத்தை எழுதினால் புள்ளியியலாளருக்கு அது பயன்படும். பங்கேற்பாளரின் பெயரையும் அவருக்குரிய ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தரவிலிருந்து வேறாகப் பூட்டி வையுங்கள். அன்றைய சந்திப்பின் தரவை அன்றே உள்ளிடுவது நல்ல பழக்கம், ஏனெனில் நான்கு நாள் கழித்து ஒரு குறிப்பின் பொருள் உங்களுக்கே விளங்காமல் போகலாம்.

வீடுகளுக்குச் செல்லும் ஆய்வென்றால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது குழுவில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பியதும் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரே நாளில் பல கடினமான நேர்காணல்களை அடுக்காதீர்கள். வன்கொடுமை, இழப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சி ஆகியவற்றைத் தொடர்ந்து கேட்பதன் சுமை உறக்கத்திலும் எரிச்சலிலும் முதலில் தெரியும்; சில நேரம் மரத்துப்போன மனமாகவும் தெரியும், அப்போது மதிப்பெண்களும் மங்கிவிடும். மேற்பார்வைக் கூட்டத்தில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற எண்ணிக்கை மட்டுமே பேசப்படுகிறதென்றால், கேட்டவற்றைப் பற்றிப் பேசவும் நேரம் வேண்டும் என்று கேளுங்கள்.

கடைசிச் சந்திப்பை முன்கூட்டியே அறிவியுங்கள். ஓராண்டாக மாதந்தோறும் தன்னிடம் அக்கறையோடு கேட்டுவந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம்; எதிர்பாராமல் முடிந்தால் அது இன்னோர் இழப்பு. அதற்கு முந்தைய சந்திப்பிலேயே ‘அடுத்தது நம் கடைசிச் சந்திப்பு’ என்று சொல்லி, சிகிச்சை தொடர்பாக இனி யாரை அணுகுவது என்பதை எழுதிக் கொடுத்து, ஆய்வின் முடிவுகளை எளிய மொழியில் பெற விரும்புகிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விரும்புவதாகச் சொன்னவர்களின் பட்டியலைத் திட்டம் முடியும் முன் முதன்மை ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். முடிவுகள் வெளியாகும்போது நீங்கள் வேறு பணியில் இருக்கக்கூடும், யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போது குழுவில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.